கடையில் வாங்கிய மாத்திரை

என் மனைவி இறந்த மூன்றாவது மாதம், சலவைக்கூடத்தில் வேலை செய்யும் பெண்களின் பைகளை, அந்தக் கூடத்தை நடத்தும் என் மாமியார் சோதனை போட்டார். நான் அன்று அங்கே இல்லை. சகலை சொல்லித்தான் தெரியும். சகலை என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். கூடத்தின் வண்டியை ஓட்டுகிறவர். எதையும் சிரிப்பாக்கிச் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

“ஆறு பேர் பையையும் மேசையில கொட்டச் சொல்லிட்டாங்க. சீப்பு, சாவி, பாதி தின்ன பன்னு, எல்லாம் உருளுது. மூணு பேர்கிட்ட மாத்திரை அட்டை இருந்துது. அள்ளிக்கிட்டுப் போய் பாய்லர் வாயைத் திறந்து உள்ள போட்டுட்டாங்க. இஸ்திரிக்காரம்மா பின்னாடியே ஓடறாங்க, ‘அம்மா, என்னுது தலைவலி மாத்திரைம்மா’ன்னு. ‘தலைவலியோட இரு. உயிரோடயாவது இருப்ப’ன்னாங்க.”

சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

“நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க” என்றார்.

நான் ஒன்றும் நினைக்கவில்லை. அந்த நாட்களில் நினைப்பு என்று எதுவும் இல்லை. காலையில் எழுந்து தண்ணீர் ஆய்வுக்கூடத்துக்குப் போவேன். ஊரின் பதினேழு குழாய்களிலிருந்து வந்த பாட்டில்களில் குளோரின் அளவு பார்த்து எழுதுவேன். மாலையில் திரும்புவேன். நடுவில் யாராவது பேசினால் பதில் சொல்வேன்.

அவள் சலவைக்கூடத்தில்தான் இறந்தாள். காலை பத்தரை மணி. உருளை இஸ்திரி இயந்திரத்திலிருந்து சூடாக வெளியே வந்த விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து தோள் கடுக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். களைப்பு என்று நினைத்துத் தண்ணீர் எடுக்கப் போனார்கள். தண்ணீர் வருவதற்குள் முடிந்துவிட்டது. வயது முப்பத்து மூன்று.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் என்னிடம் கேட்டார், ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறவரா என்று. இப்போது எதுவும் இல்லை என்றேன். முன்பு? கருத்தடை மாத்திரை, நான்கு வருடம், நிறுத்தி இரண்டரை வருடம் ஆகிறது என்றேன். மாமியார் பக்கத்தில் நின்றிருந்தார். அவருக்கு அதுவரை தெரியாது. மகளுக்கு ஏன் குழந்தை தங்கவில்லை என்று ஆறு வருடத்துக்கும் மேல் உள்ளுக்குள் புழுங்கியவர். அதில் நான்கு வருடம் தங்கவிடாமல் செய்தது நாங்கள்தான் என்பதையும், மகள் போய்விட்டாள் என்பதையும் அவர் ஒரே தாழ்வாரத்தில், ஒரே நிமிடத்தில் கேட்டார்.

“நாலு வருஷமா?” என்றார் என்னிடம். “தினமுமா?”

“தினமும்தான் அத்தை.”

 

நான் அப்போது ஒப்பந்த வேலையில் இருந்தேன். நிரந்தரம் ஆவதற்கு ஒரு துறைத் தேர்வு எழுத வேண்டும். வேலை நிரந்தரம் ஆகட்டும், அப்புறம் குழந்தை என்று சொன்னவன் நான். மூன்று முறை எழுதினேன். நான்கு வருடம் போய்விட்டது. ஆகவே மாமியார் நம்பியதை நானும் நம்பினேன். அது சுலபமாக இருந்தது. இறந்தவளுக்கு ஒரு காரணம் கிடைத்தது. அந்தக் காரணத்தை வாங்கிக் கொடுத்த கை என்னுடையது.

நான்காவது மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். பரிசோதனை அறிக்கை முழுதாக வந்திருக்கிறது, வந்து பேசுங்கள் என்றார்கள். போனேன். இதய மருத்துவர் ஐம்பது வயதுப் பெண்மணி. மதியச் சாப்பாட்டு நேரம். மேசையில் காகிதத்தை விரித்து ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“உக்காருங்க. சாப்பிட்டுக்கிட்டே பேசறேன், தப்பா நினைக்காதீங்க. இதை விட்டா ஆறு மணிதான்.”

உட்கார்ந்தேன்.

“உங்க மனைவி இதயத்தோட ரத்தக் குழாய் எப்படி இருந்துது தெரியுமா? எழுபது வயசுக்காரங்களுக்கு இருக்கிற மாதிரி. அடைப்பு நேத்து முந்தாநாள் வந்ததில்ல. சின்ன வயசுலேர்ந்து படிஞ்சிருக்கு.”

“மாத்திரையால” என்றேன்.

“எந்த மாத்திரை?”

சொன்னேன். அவர் முட்டையைக் கடித்து, மென்று, விழுங்கினார்.

“நிறுத்தின பிறகும் அது உடம்புல உக்காந்துக்கிட்டு ரெண்டரை வருஷம் கழிச்சு ஆளைக் கொன்னுதுன்னு நினைக்கிறீங்களா?”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

“எல்லாரும்னா யாரு? கேளுங்க. சாப்பிடற காலத்துல சில பேருக்கு ரத்தம் உறையற ஆபத்து கொஞ்சம் கூடும். சிகரெட் குடிக்கிறவங்க, ரத்த அழுத்தம் உள்ளவங்க, அவங்களுக்கு இன்னும் கூடும். அதனாலதான் ஆளைப் பார்த்து எழுதணும்ங்கிறது. நிறுத்திட்டா அந்த ஆபத்து இறங்கிடும். என்னைக்கோ சாப்பிட்ட மாத்திரை வருஷக்கணக்கா காத்திருந்து இதயத்தை அடைக்கும்ங்கிறதுக்கு ஆதாரம் இல்ல. இது வேற சமாசாரம். அவங்க குதிகாலுக்கு மேல தசைநார் தடிச்சுப்போய் இருந்துது. கவனிச்சிருக்கீங்களா?”

கவனித்திருக்கிறேன். கயிறு மாதிரித் தடித்திருக்கும். புதுச் செருப்பு வாங்கினால் ஒரு வாரம் கடிக்கும். எங்க வீட்டுக் காலுக்கு எந்தக் கடையிலும் செருப்பு தைக்கவில்லை என்பாள். அவளுடைய அப்பாவுக்கும் அப்படித்தானாம். தங்கைக்கும் அப்படித்தான். இரண்டு பேரும் காலை நீட்டி வைத்து யாருடையது பெரிது என்று பார்த்துச் சிரிப்பார்கள்.

அதைச் சொன்னேன். மருத்துவர் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார்.

“அப்பா இருக்காரா?”

“நாப்பத்தோரு வயசுல போயிட்டார். பாய்லர் சூடு தாங்காமன்னு சொல்வாங்க.”

“பாய்லர் இல்ல. ரத்தத்துல கொழுப்பு தேங்கற குறை. கால்ல தடிச்சிருந்ததும் அந்தக் கொழுப்புதான். பிறவியிலேயே வர்றது. குடும்பத்துல ஓடும். அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒல்லியா இருக்கோம், ஓடியாடி வேலை செய்யறோம்னு அதுக்குக் கணக்கு கிடையாது. தங்கச்சிக்கு என்ன வயசு?”

“இருபத்தொன்பது. ஒரு பொண்ணு இருக்கு. ஆறு வயசு.”

“மூச்சு வாங்குதா? நெஞ்சு பிடிக்குதா?”

தெரியவில்லை என்றேன். ரத்தப் பரிசோதனைக்கு மூன்று சீட்டுகள் எழுதினார். தங்கைக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று. “இந்த வாரமே. தெரிஞ்சா மருந்து இருக்கு. தெரியாட்டிதான் இல்ல” என்றார். பிறகு எதையோ முடிப்பதற்காகக் கேட்பது போலக் கேட்டார்.

“அந்த மாத்திரையை யார் எழுதிக் கொடுத்தது?”

“யாரும் இல்ல. கடையில வாங்கினோம்.”

“நாலு வருஷமும்?”

“நாலு வருஷமும்.”

அவர் மீதி ரொட்டியைக் காகிதத்தில் சுற்றினார்.

“ஒரு டாக்டர்கிட்ட போயிருந்தா ரத்த அழுத்தம் பார்த்திருப்பாங்க. வீட்டுல சின்ன வயசுல யாராவது நெஞ்சு வலியில போனாங்களான்னு கேட்டிருப்பாங்க. அப்பா இந்த வயசுல போனாருன்னதும் ரத்தம் எடுக்கச் சொல்லியிருப்பாங்க. அப்பவே பிடிச்சிருக்கலாம்.” கொஞ்சம் நிறுத்தினார். “கேக்காமலும் விட்டிருக்கலாம். எல்லா டாக்டரும் கேக்கறாங்களா என்ன? உங்களைக் குத்தறதுக்காகச் சொல்லல.”

குத்தவில்லை. சீட்டுகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மழை தொடங்கியிருந்தது.

மூன்றாவது நாளும் விடாத மழையில்தான் சலவைக்கூடத்துக்குப் போனேன். முதல் இரண்டு நாள் போகாததற்குக் காரணம் சொல்ல முடியாது. போகவில்லை.

மழைக்காலத்தில் அந்தக் கூடம் வேறு இடம். வெயில் நாளில் மொட்டைமாடி முழுக்க விரிப்பு காயும், கீழே ஆள் நடக்க இடம் இருக்கும். மழையில் எல்லாம் கீழே வந்துவிடும். தூணுக்குத் தூண் கயிறு கட்டி, நனைந்த விரிப்புகளை இரண்டு வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் சந்து. வெளுப்பு மருந்தின் காரம் மூக்கில் ஏறும். சலவை டிரம் சுற்றும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடமே கத்திப் பேச வேண்டும். இரண்டு தங்கும் விடுதிகளின் துணி அங்கே வருகிறது. மழையென்று விடுதிக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள். மாலை நான்கு மணிக்கு வண்டி புறப்பட்டாக வேண்டும்.

மனைவியின் தங்கை சின்னவள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். மேலே கூரைக்கடியில் மிஞ்சியிருந்த துணியை எடுத்துக்கொண்டு இறங்கியவள். கூடையை ஒரு படி கீழே வைத்துவிட்டு, நெஞ்சுக்குழியில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள்.

“வாங்கத்தான். துணி போட வந்தீங்களா? ஒரு ஆள் துணிக்கு இவ்வளவு தூரமா?”

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “சும்மா வாயில வந்துடுச்சு” என்றாள்.

“பரவால்ல. மூச்சு வாங்குதா?”

“காத்துல பாதி தண்ணி அத்தான். மீனுக்குத்தான் இங்க மூச்சு விட முடியும்.”

“மழைக்கு முன்னாடி?”

“முன்னாடி வெயில்.”

“வலிக்குதா?”

“இந்தக் கூடத்துல வலிக்காதவங்க யாரு? டிரம்முக்குக் கூட முதுகுவலி, சத்தத்தைக் கேளுங்க. என்ன இது, டாக்டர் மாதிரி? தண்ணியைத்தானே சோதிப்பீங்க, ஆளையும் சோதிக்க ஆரம்பிச்சிட்டீங்களா?”

ஒரு படி கீழே உட்கார்ந்து மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். குழாய், கொழுப்பு, குதிகால், அப்பா, பாதிக்குப் பாதி. சீட்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் ஈரக் கையால் வாங்கியதில் மை கொஞ்சம் பரவியது. சகலை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“அத்தான், அக்கா மாத்திரை சாப்பிட்டா” என்றாள் சின்னவள், குழந்தைக்குச் சொல்வது போல. “நான் ஒண்ணு கூட முழுங்கினதில்ல. கல்யாணமாகி பத்தாவது மாசம் குட்டி பொறந்துட்டா. அதுக்கப்புறம் இவரு பாதி நாள் வண்டியிலயே தூங்கறாரு. எனக்கு எதுக்கு மாத்திரை?”

“வண்டியில சீட்டு நல்லா இருக்கும்” என்றார் சகலை.

“பாருங்க. அக்காவைக் கொன்னது என் வயித்துக்குள்ள போனதே இல்ல. அப்புறம் எனக்கு எதுக்கு சோதனை?”

“அக்காவைக் கொன்னது அது இல்லைன்னுதான் டாக்டர் சொல்றாங்க.”

அவள் சீட்டை மடித்தாள். மீண்டும் மடித்தாள். முகத்திலிருந்த கேலி போய்விட்டது.

“அது இல்லைன்னா என்ன அர்த்தம்? அப்பாகிட்டேர்ந்து அவளுக்கு. அப்பாகிட்டேர்ந்து எனக்கு. என்கிட்டேர்ந்து குட்டிக்கு. அப்படித்தானே? எனக்கு அது வேணாம் அத்தான். மாத்திரையே இருந்துட்டுப் போகட்டும்.”

“ஒரு தடவை ரத்தம் குடுத்துப் பார்த்துடேன்” என்றார் சகலை. இப்போது சிரிக்கவில்லை. “போன வாரம் மெத்தை உறை மூட்டையை ஏத்தறப்ப நீ உக்காந்துட்டியே.”

“வழுக்கிடுச்சு.”

“வழுக்கல.”

தொங்கிய விரிப்பு ஒன்று விலகி மாமியார் வந்தார். எவ்வளவு நேரம் அந்தப் பக்கம் நின்றார் என்று தெரியாது. ஐம்பத்தைந்து வயது. முழங்கை வரை கை வெளுத்து, விரல் நுனியெல்லாம் சுருங்கியிருக்கும். முன்பெல்லாம் என்னைப் பார்த்தால் கையைத் துடைத்துக்கொண்டு, வாங்க மாப்பிள்ளை என்பார். இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

“கொழுப்பா?” என்றார். “என் பெரியவ எலும்பும் தோலுமா இருந்தா. அவளுக்குக் கொழுப்பாமா?”

“ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் இது வரும் அத்தை. ரத்தத்துல இருக்கிறது.”

“ரத்தத்துல என்ன இருந்துதுன்னு எனக்குத் தெரியும். நாலு வருஷம் நாளுக்கொண்ணு போட்டீங்க.”

“நிறுத்தி ரெண்டரை வருஷம் ஆச்சு.”

“நிறுத்தினா போயிடுமா?” கயிற்றிலிருந்த ஒரு விரிப்பை இழுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். மூலையில் பழைய நீலக் கறை, மேகம் மாதிரி. “இதைப் பாருங்க. எவனோ ஒரு ஆள் கட்டில்ல பேனாவை உடைச்சுட்டுப் போனான். மூணு வருஷம் முன்னாடி. எத்தனை தடவை வெளுத்திருப்பேன்? கொதிக்கவெச்சிருக்கேன், மருந்து போட்டிருக்கேன், வெயில்ல போட்டிருக்கேன். ஏறினது ஏறினதுதான். மங்கும், போகாது. உடம்பும் துணி மாதிரிதான். பள்ளிக்கூடத்துல எது படிச்சீங்களோ எனக்குத் தெரியாது. நான் முப்பத்தஞ்சு வருஷமா கறையைப் பார்க்கறேன்.”

 ஆய்வுக்கூடத்தில் நான் பார்ப்பதும் அதுதான், எது தண்ணீரில் தங்கும் எது போகும் என்பது. ஆனால் அந்தக் கறைக்கு முன்னால் என்ன சொல்வது?

“அதோட இந்தக் கதை உங்களுக்கு நல்லா இருக்கு” என்றார். குரல் ஏறவில்லை. “மாத்திரை வாங்கிக் குடுத்த கை சுத்தமாயிடுச்சு. பழி இருபது வருஷம் முன்னாடி செத்த மனுஷன் தலையில. அவரு எழுந்து வந்து இல்லைன்னு சொல்லப் போறாரா?”

சின்னவள், “அம்மா” என்றாள்.

“நீ போ. குட்டி பள்ளிக்கூடத்துலேர்ந்து வர்ற நேரம். ஒரு முட்டையை அவிச்சு வை.”

சின்னவள் போனாள். சீட்டைப் படியிலேயே வைத்துவிட்டுப் போனாள். சகலை அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வண்டிக்குப் போனார்.

நானும் கிளம்பியிருப்பேன். மாமியார் காய்ந்த விரிப்புகளின் குவியலுக்கு முன் போய் நின்றார். இஸ்திரிக்காரம்மா மழையில் வரவில்லை. மணி மூன்று.

“வந்த கை சும்மா இருக்க வேணாம். அந்த முனையைப் பிடிங்க” என்றார்.

பெரிய விரிப்பை ஒரு ஆளால் மடிக்க முடியாது. இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. பின்னால் நகர்ந்து இழுத்து, ஒரு உதறு. பிறகு இரண்டு முனையையும் ஒன்றாக்கி, இன்னொரு உதறு. அப்புறம் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். என் கையிலிருக்கும் முனைகளை அவர் தன் விரல்களில் வாங்கிக்கொள்வார். நான் குனிந்து கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்து நிமிர்வேன். மறுபடி பின்னால் நடப்போம். என் மனைவியும் அவளுடைய அம்மாவும் பேசிக்கொண்டே ஒரு மணி நேரத்தில் நூறு மடிப்பார்கள். நான் முதல் நான்கில் முனையை மாற்றிப் பிடித்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் திருப்பிவிட்டார். ஐந்தாவதில் கை பழகியது.

ஒவ்வொரு விரிப்புக்கும் ஒரு முறை அவர் என் எதிரே வந்து நின்றார். ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்க்காமல் துணியை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

பத்து பன்னிரண்டு மடித்திருப்போம். சின்னவள் நெஞ்சுக்குழியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கண்ணிலேயே நின்றது. நான் சொல்வது எதுவும் இந்த வீட்டில் எடுபடாது என்று தெரிந்தது. மருத்துவர் சொன்ன கதையில் நான் தப்பித்துவிடுகிறேன். தப்பிக்கிறவன் கொண்டுவரும் கதையை யார் நம்புவார்கள்? நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன்.

“அத்தை, டாக்டர் இன்னொண்ணும் சொன்னாங்க” என்றேன்.

உதறினார்.

“அந்த மாத்திரையை யார் எழுதிக் குடுத்ததுன்னு கேட்டாங்க. யாரும் எழுதல. நான் கடையில வாங்கினேன்.”

“வாங்கினீங்கன்னு தெரியுமே.”

“டாக்டர்கிட்ட போயிருந்தா ஆரம்பத்துலயே கேட்டிருப்பாங்களாம். வீட்டுல யாராவது சின்ன வயசுல போனாங்களான்னு. அவ அப்பாவைப் பத்திச் சொல்லியிருப்பா. ரத்தம் எடுத்துப் பார்த்திருப்பாங்க. ஏழு வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.”

நடந்து வந்தார். முனையை வாங்கிக்கொண்டார். அந்த முறை போகவில்லை.

“போக வேண்டியதுதானே?”

“அவ போகலாம்னுதான் சொன்னா.”

“யாரு?”

“அவதான். நான்தான் வேணாம்னேன். பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்துது. ஆஸ்பத்திரின்னா ஒரு பகல் போயிடும். எல்லாரும் கடையிலதான் வாங்கறாங்கன்னு சொன்னேன். கடைக்காரர் ஒண்ணும் கேக்காம எடுத்துக் குடுத்துட்டார். அப்புறம் மாசா மாசம் அங்கேயே வாங்கினோம்.”

“அவ கேட்டாளா?”

“கேட்டா.”

“நீங்க வேணாம்னீங்க.”

“ஆமா.”

அவர் கையிலிருந்து விரிப்பு நழுவித் தரையில் விழுந்தது. தரை ஈரம். வெளுத்து, காய்ந்து, மடிக்க வந்த துணி கீழே விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. அந்தக் கூடத்தில் எவர் கையிலிருந்தும் துணி அப்படி விழுந்து நான் பார்த்ததில்லை. அவர் அதைக் குனிந்து பார்க்கவில்லை.

“போயிருந்தா பொழைச்சிருப்பாளா?”

“தெரியாது. கேக்காமயும் விட்டிருக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க. ஆனா போகல. போகாதது நான்.”

டிரம் நின்றது. ஒரு சுற்று முடிந்தால் தானாக நின்றுவிடும். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

“இதை எதுக்கு எங்கிட்ட வந்து சொல்றீங்க?” என்றார். “டாக்டரம்மாதான் உங்களை விட்டுட்டாங்களே. விட்ட இடத்துலயே நின்னுக்க வேண்டியதுதானே. எனக்கு எங்க தெரியப் போகுது?”

“நான் தப்பிக்கிறதுக்குச் சொல்றேன்னு நினைச்சா சின்னவ வர மாட்டா. நீங்களும் விட மாட்டீங்க.”

முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, போகுமா போகாதா என்று பார்ப்பாரே, அப்படி. பிறகு திரும்பி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“சின்னவளே! ஏய், சின்னவளே!”

அவள் கையில் முட்டை ஓட்டோடு வந்தாள். பின்னால் பள்ளிப் பையைக் கழற்றாமலே குட்டி.

“நாளைக்குக் காலையில வெறும் வயித்துல இரு. ஆஸ்பத்திரிக்குப் போறோம். இவளுக்கும் பள்ளிக்கூடம் வேணாம்.”

“அம்மா, நான்தான் சொன்னேனே, ஒரு மாத்திரை கூட நான்…”

“உங்கப்பாவும் ஒரு மாத்திரை கூட முழுங்காமத்தான் செத்தாரு.”

சின்னவள் அப்படியே நின்றாள். கையிலிருந்த ஓடு நொறுங்கியது. குட்டி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டு, “ஊசி போடுவாங்களா?” என்று கேட்டது.

“எனக்குத்தான் முதல்ல போடுவாங்க. நீ எண்ணிக்கிட்டிரு” என்றார் மாமியார்.

கீழே கிடந்த விரிப்பை எடுத்துச் சுருட்டி டிரம் பக்கம் எறிந்தார். குவியலிலிருந்து அடுத்ததை எடுத்தார். இரண்டு முனையை மகளிடம் கொடுத்தார். நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன்.

“நீங்க போங்க” என்றார். “நாளைக்கும் வர வேணாம்.”

மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. சோதனை முடிவு வாங்கும் நாள் எது என்று மட்டும் சகலை போனில் சொன்னார். அன்று ஆய்வுக்கூடத்தில் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சாரியில் பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். மழை விட்டு நல்ல வெயில். கண் கூசியது. உள்ளே போகவில்லை. வர வேண்டாம் என்று சொன்னவர் உள்ளே இருக்கிறார்.

பதினொரு மணிக்குச் சகலை வெளியே வந்தார். என்னைப் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்தார். ஒரு லாரிக்காரன் திட்டிவிட்டுப் போனான். காதில் வாங்கவில்லை.

“இவளுக்கு இருக்கு” என்றார். “நிறைய இருக்கு. குழாய்லயும் கொஞ்சம் அடைப்பு இருக்காம். ஆனா இப்ப வந்தது நல்லதுன்னாங்க. இன்னைக்கே மருந்து ஆரம்பிக்கறாங்க. மூட்டை தூக்கக் கூடாது. அடுத்த மாசம் மறுபடி பார்க்கணும். ஆயுசுக்கும் சாப்பிடணுமாம்.”

“குட்டி?”

“இல்ல. குட்டிக்கு இல்ல. அத்தைக்கும் இல்ல.” சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “டாக்டரம்மா இவளை நல்லா ஏசினாங்க. இன்னும் ஆறு மாசம் இப்படியே ஓட்டியிருந்தா அக்கா பின்னாடியே போயிருப்பன்னாங்க. பொழைச்சிட்டா. நீங்க வந்து அன்னைக்குச் சொல்லாட்டி…”

முடிக்காமல் என் தோளைத் தட்டிவிட்டு வண்டியை எடுக்கப் போனார்.

அவர்கள் வெளியே வந்தார்கள். குட்டிக்கு முழங்கையில் பழைய பிளாஸ்திரி ஒன்று இன்னும் ஒட்டியிருந்தது, அதை எல்லாருக்கும் தெரியும்படி கையைத் தூக்கி வைத்திருந்தது. சின்னவள் மருந்துப் பையை நெஞ்சோடு பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள். வரவும் இல்லை, போகவும் இல்லை. தலையை ஒரு முறை ஆட்டினாள். அவள் அழுதிருந்தாள் என்பது அந்தத் தூரத்திலும் தெரிந்தது.

மாமியார் மட்டும் சாலையைக் கடந்து வந்தார். நிறுத்தத்தின் நிழலில் எனக்கு ஒரு கை தள்ளி நின்றார். பேருந்து ஒன்று வந்து, ஆள் இறக்கிவிட்டுப் போனது.

“அன்னைக்கு அவ கேட்டான்னு சொன்னீங்களே” என்றார்.

“ஆமா அத்தை.”

“எப்படிக் கேட்டா?”

புரியவில்லை.

“என்ன வார்த்தை சொன்னா? நின்னுக்கிட்டா, உக்காந்துக்கிட்டா?”

“நின்னுக்கிட்டு. வெளிய போற உடுப்பு போட்டுக்கிட்டு ரெடியா நின்னா. ‘ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடலாம், அப்புறம் நீங்க உக்காந்து படிங்க’ன்னா.”

“சிரிச்சுக்கிட்டா?”

“கொஞ்சம் சிரிச்சுக்கிட்டு.”

“நீங்க வேணாம்னதும்?”

“சரின்னா. போய் உடுப்பை மாத்திக்கிட்டு வந்து சமைக்க ஆரம்பிச்சா.”

“அப்புறம் கேக்கலையா?”

“இல்ல. நாலு வருஷத்துல அப்புறம் அதைப் பத்திக் கேக்கவே இல்ல.”

அவர் தலையசைத்தார். எதிர்ச் சாரியில் குட்டி அவரைக் கூப்பிட்டது. திரும்பவில்லை.

“அவ எதையும் ரெண்டாவது தடவை கேக்க மாட்டா” என்றார். “பாவாடை கட்டற வயசுலேர்ந்தே அப்படித்தான். பசிக்குதுன்னா ஒரு தடவைதான் சொல்லுவா. குடுக்காட்டிப் போய் படுத்துடுவா. நாமதான் எழுந்து போய்ப் பார்க்கணும்.”

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஏழு வருஷம் கூட இருந்தீங்க. இது தெரியாதா?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்குத்தான் கேட்டார்.

“தெரியாது அத்தை” என்றேன்.